பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்குமுன் ஒரு வார்த்தை



தீபாவளி வியாபாரம் முடிந்து மூச்சு விடுவதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது. மார்கழி பிறந்தால் பாடி, கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கம் எந்தத் தெருவில் போனாலும் ஏணியும் பெயிண்ட் டப்பாவும்தான். கடைக்கு ஷட்டர், வீட்டுக்குக் கதவு, ஜன்னல், கிரில் என்று பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக அடிக்கிறோம். காலம் காலமாகச் செய்துவரும் நல்ல காரியம்தான். ஆனால் அப்போது பறக்கும் தூசி நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கு விஷமாகலாம் என்பதை நாம் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

நம் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். 1960களில் இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்தில் தகப்பனார் கட்டிய வீடு. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கையில் வாசல் கதவையும் கிரில்லையும் சுரண்டச் சொன்னோம். மூன்று நாள் வேலை. பதினோரு மாதப் பேரன் அந்தக் கூடத்தில்தான் தவழ்ந்துகொண்டிருந்தான். சாயங்காலம் பெருக்கித் தள்ளினோம், அவ்வளவுதான். சித்திரை வாக்கில் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று மருத்துவரிடம் காட்டியபோது, ரத்தசோகை இருக்கிறது என்றவர், "வீட்டில் பெயிண்ட் வேலை நடந்ததா?" என்று கேட்டார். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்த்ததில் டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் இருந்தது. ஐந்தைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

இந்த அளவுக்கு மருந்து கிடையாது, தூசியை நீக்குங்கள், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள ஆகாரம் கொடுங்கள் என்றார் மருத்துவர். ஆறு மாதத்தில் 6-க்கு இறங்கியது. மருமகளுக்கு நிம்மதி. ஆனால் ஏறியிருந்த நாட்களில் மூளையில் என்ன செய்துவிட்டுப் போனது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாதாம். பெயிண்டர் மீது குற்றமில்லை. கூலி கொடுத்துச் சுரண்டச் சொன்னது நாம்தான்.

ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். நாம் சொல்வது காரீயம், பேட்டரியில் இருக்கிறதே, அது. பெயிண்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறம் வரவும், சீக்கிரம் உலரவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் காரீயக் கலவைகளைப் பல காலம் சேர்த்து வந்தார்கள். மரத்திலும் இரும்பிலும் அடிக்கும் எனாமலில்தான் இது அதிகம். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றி அவ்வளவு பயமில்லை. ஆகவே நம் பழைய வீடுகளில் கண் வைக்க வேண்டிய இடம் கதவு, ஜன்னல், கிரில், கட்டில், அலமாரி, ஊஞ்சல். திறந்து மூடும்போது உரசும் இடங்களில் சுரண்டாமலே தூள் உதிரும்.

பெரியவர்களைக் காட்டிலும் நாலைந்து மடங்கு காரீயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. தரையில் தவழும், கையை வாயில் வைக்கும் வயது அது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக ஏறும். வாந்தி, காய்ச்சல் என்று உடனே வெளியே தெரியாது. படிப்பு ஏறாமை, கவனம் நில்லாமை, முரட்டுத்தனம் என்று வருடங்கள் கழித்துத் தெரியும். நாமும் "மக்குப் பிள்ளை" என்று திட்டிவிட்டுப் போவோம். இதற்குமேல் போனால்தான் கெடுதி என்று சொல்லும்படி பத்திரமான அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் சராசரியே 11.4 மைக்ரோகிராம். காரீயம் கூடிய பிள்ளைகளிடம் கவனக்குறைவும் நடத்தைக் கோளாறும் கூடுதலாக இருந்தன. அத்தனையும் பெயிண்டால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. பட்டறைப் புகை, தெருத் தூசி எல்லாம் சேர்ந்ததுதான். பெட்ரோலில் இருந்த காரீயத்தை 2000-இல் அரசே நிறுத்திவிட்டது. வீட்டுக் கதவில் இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயிண்ட்டுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904-லேயே வராந்தாக் கம்பியின் பெயிண்ட்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எழுதினார். அமெரிக்கா 1978-இல் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடை செய்தது. நம் நாட்டில் 2016-இல் விதி அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. வீட்டு உபயோகப் பெயிண்டில் 90 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. அதை டப்பாவின் மேல் அச்சிடவும் வேண்டும். ஆனால் இந்த விதி வருமுன் அடித்த பெயிண்ட் எல்லாம் இன்னமும் நம் கதவுகளில்தான் அடுக்கடுக்காக இருக்கிறது.

மளிகைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மஞ்சள் தூளில் கலப்படக்காரன் கலக்கும் லெட் குரோமேட் இருக்கிறதே, அது பெயிண்டுக்குப் போடும் அதே மஞ்சள் நிறமிதான். அதைத் தூளில் கலந்து விற்றவனை நம் சங்கம் ஒருநாளும் ஆதரித்துப் பேசாது. பிள்ளை வாய்க்குள் மஞ்சள் தூளாகப் போனால் குற்றம், கதவுத் தூசியாகப் போனால் பரவாயில்லை என்று நாம் கணக்கு எழுத முடியுமா?

வேலை தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல.

பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம், துடைத்துவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டச் சொல்லுங்கள். உலர்ந்த உப்புத்தாளும், தேய்க்கும் மிஷினும், நெருப்பு காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். வேலை முடிந்து துடைக்கும் வரை சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும். பெயிண்டருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு போக ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொடுங்கள்.

கடையில் சுரண்டும்போது ரவை, சர்க்கரை, பருப்பு மூட்டைகளை உள்ளே தள்ளி மூடிவிட வேண்டும். திறந்த மூட்டையில் விழுந்த தூசியைச் சல்லடையில் சலித்து எடுக்க முடியாது.

போகியன்று பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், கதவு, நாற்காலியைக் கொளுத்த வேண்டாம். வெந்நீர் அடுப்பிலும் வைக்க வேண்டாம். மரம்தான் எரியும். காரீயம் புகையிலும் சாம்பலிலும் நிற்கும்.

ஹார்டுவேர் கடை நடத்தும் அங்கத்தினர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 90 பிபிஎம் அச்சில்லாத டப்பாவைக் கொள்முதல் செய்யாதீர்கள். எஸ்டேட் பக்கம் மிச்சமாகும் தொழிற்சாலைப் பெயிண்ட் மலிவாகக் கைமாறும்போது அது வீட்டு கிரில்லுக்கும் போய்விடக்கூடும். வீட்டுப் பெயிண்டுக்கான விதி அந்தச் சரக்குக்குப் பொருந்தாது. வாங்குபவர் விலையைப் பார்த்துக் கேட்கிறார், நாம் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார் என்பது உண்மைதான். அதனால்தான் இது ஒரு கடைக்காரர் மட்டும் செய்கிற காரியமாக இருக்கக் கூடாது. சங்கமே கூடி, அச்சில்லாத பெயிண்ட் நம் பகுதிக் கடைகளில் கிடைக்காது என்று தீர்மானம் போட வேண்டும். தேங்கிய பழைய சரக்கால் சிலருக்கு நஷ்டம் வரும். அதையும் மறைக்காமல் பேசி, கம்பெனிகளிடம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சங்கத்தின் பெயரால் கேட்போம்.

சரக்கில் வந்த நஷ்டத்தை அடுத்த சீசனில் எடுத்துவிடலாம். பிள்ளையின் அறிவில் விழுந்த துண்டை எந்தச் சீசனிலும் ஈடுகட்ட முடியாது. அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை நாமே முன்மொழிகிறோம். வழிமொழிய வாருங்கள்.