ஒலிபெருக்கி ஏன் உறுமுகிறது?

மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் பாலாவிச் சந்தியிற் பிரியும் கற்பிட்டி வீதி, தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்வோரால் நிறைந்துவிடும். திருவிழா என்றால் ஒலிபெருக்கி உண்டு. ஒலிபெருக்கி என்றால் பல வேளைகளில் 'ம்ம்ம்' என்ற உறுமலும் உண்டு.

அம்பிளிபயரை நிறுத்தி, உள்ளே வரும் ஒலிக்கம்பியைக் கழற்றிவிட்டு, மீண்டும் இயக்கிப் பாருங்கள். உறுமல் தொடர்ந்தால் நோய் பெட்டிக்குள்ளே இருக்கிறது. நின்றுவிட்டால் வெளியே. மேடையருகிலுள்ள அம்பிளிபயரும் தூரத்திலுள்ள மிக்ஸரும் வெவ்வேறு இடங்களில் மின்சாரம் பெறும்போது, அவற்றின் புவித்தொடுப்புகளும் ஒலிக்கம்பியின் உலோக உறையும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே உறுமலாகக் கேட்கிறது.

சிலர் அம்பிளிபயரின் புவிக்கம்பியை வெட்டிவிடுகிறார்கள். உறுமல் நிற்கும், பந்தலிற் பாராட்டும் கிடைக்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பி நழுவிப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் மின்சாரம் நிலத்துக்குச் செல்ல அந்த மெல்லிய உறை ஒன்றே வழி. அதுவும் கருகினால், பெட்டியைத் தொடுபவரே வழியாவார். இரு கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுப்பதே முறை. இயலாவிடின் ஒலிக்கம்பியின் நடுவே அதற்குரிய சிறு மின்மாற்றியை வைக்கலாம்.

பாலாவியில் இன்னொரு சங்கடமும் உண்டு. உப்பளக் காற்று செம்பையும் அரிக்கும்; ஒருவரும் வெட்டாமலே புவித்தொடுப்பு அறுந்திருக்கலாம். உறுமல் அதைக் காட்டிக்கொடாது. ஆகையால் பந்தற்கால் நடுமுன்பே, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளக்கைத் திறந்து, பச்சை பிடித்த முனையைச் சுரண்டி, புவிக்கம்பி பெட்டிவரை தொடர்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.