கேக் கலவையிற் கிருமி: பொறுப்பு யாருடையது?

உலர்ந்த பொருளிற் கிருமி இராது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கை. கடைகளிற் பெட்டியிலடைத்து விற்கப்படும் கேக் கலவை, புடிங் மா முதலியவற்றைப் பலரும் ஐயமின்றி வாங்குவதற்கு இதுவே அடிப்படை. இந்நம்பிக்கை தவறானது. ஆயினும், அதனினும் தவறான கொள்கையொன்று அண்மைக்காலத்தில் வேரூன்றியுள்ளது. கலவையிலிருந்த கிருமியால் ஒருவர் நோயுற்றால், சமைக்குமுன் அதனைச் சுவைத்தவரே பொறுப்பாளி. செய்து விற்றவர் அல்லர் என்பதே அக்கொள்கை.

ஐக்கிய அமெரிக்காவில் 2018 நவம்பரில் டங்கன் ஹைன்ஸ் என்னும் பெயரில் விற்பனையான கேக் கலவைகளுள் நான்கு வகைகள் மீளப்பெறப்பட்டன. வெள்ளைக் கேக் கலவையிற் சல்மனெல்லா அக்பேனி என்னும் பற்றீரியா காணப்பட்டமையே காரணம். அப்போது வெளியிடப்பட்ட நிறுவன அறிக்கை, நோயுற்றோரிற் சிலர் கலவையை வேகவைக்காது உண்டிருக்கவுங்கூடும் என்று குறிப்பிட்டு, பச்சைக் குழம்பை உண்ணலாகாது என நினைவூட்டவும் தவறவில்லை. பண்டத்தை மீளப்பெறும் அதே அறிக்கையிலேயே பழியின் ஒரு பங்கு வாங்கியவர் தலையிற் சுமத்தப்பட்டது.

இவ்வாறு பழி சுமப்போர் யாவர்? 2021ஆம் ஆண்டு அந்நாட்டிற் கேக் கலவையோடு தொடர்புபட்டுப் பரவிய ஓ121 வகை ஈ. கோலித் தொற்று இதற்கு விடை தருகின்றது. 12 மாநிலங்களில் 16 பேர் நோயுற்றனர். எழுவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் சிக்கல் நேர்ந்தது. நோயுற்றோரில் முக்காற் பங்கினர் 18 வயதுக்குட்பட்டோர். மிக இளையவரின் வயது 2. பதினாறு பேரும் பெண்பாலார் என்பதும் கவனித்தற்குரியது. அடுப்படி இன்னும் எவர் கையில் இருக்கின்றது என்பதை நோய்க்கணக்கும் காட்டிவிடுகின்றது. விசாரிக்கப்பட்ட எண்மருள் அறுவர் பச்சைக் குழம்பைச் சுவைத்ததாகக் கூறினர். தாய் கேக் அடிக்கும் பாத்திரத்தில் விரலிட்டு நக்கும் இரண்டு வயதுக் குழந்தை, பெட்டியின் பின்புறத்துச் சிற்றெழுத்தை முதலில் வாசித்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்போரும் உளரோ?

கிருமி எங்கிருந்து வருகின்றது என்பதை நோக்கினால் இக்கொள்கையின் பொய்ம்மை மேலும் தெளிவாகும். வயலில் நிற்கும் கோதுமையைப் பறவைகளின் எச்சமும் விலங்குகளின் கழிவும் தீண்டுகின்றன. ஆலையில் தானியம் துப்புரவாக்கப்பட்டு, நீரால் ஈரமூட்டப்பட்டு, உருளைகளிடையே அரைபடுகின்றது. இவற்றுள் எதுவும் கிருமியைக் கொல்லும் செயலன்று. மா, உண்மையில், ஒரு பச்சைப் பொருள். உலர்வு பற்றீரியாவைப் பெருகவிடாது தடுக்குமேயன்றிக் கொல்வதில்லை. சல்மனெல்லா உலர்ந்த நிலையிற் பல மாதங்கள் உயிர்வாழும். அந்நிலையில் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு மிகுகின்றது. பரிசோதனையால் இதனை முற்றாகப் பிடித்துவிடவும் இயலாது. பல தொன் மாவிற் சிற்சில இடங்களிலே திட்டுத்திட்டாகக் கிடக்கும் கிருமி, எடுத்த மாதிரியில் அகப்படாமற் போவதே இயல்பு.

கலவை அடுப்பேறியே தீருமென்று உணவு வணிகமே கருதியதில்லை. 2005இல் அமெரிக்காவிற் கேக் குழம்பின் சுவையுடைய ஐஸ்கிறீமை உண்டோரிடையே சல்மனெல்லா தைபிமூரியம் தொற்று ஏற்பட்டது. வேகவைத்தற்கென ஆக்கப்பட்ட உலர்ந்த கேக் கலவையை அவ்வாறே ஐஸ்கிறீமிற் சேர்த்தமையே காரணமெனக் கருதப்பட்டது. உணவு விற்பதையே தொழிலாகக் கொண்டோர் அறியாத ஆபத்தை வீட்டுப் பெண் அறிந்திருக்க வேண்டும் என்பது எவ்வகை நீதி?

மாவை முன்கூட்டியே வெப்பமூட்டினால் அதன் தன்மை கெடும் என்பர் சிலர். பாண் செய்யும் மாவைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மையுண்டு. புரதம் சிதைந்தாற் பாண் பொங்காது. கேக்கிற்கோ அத்தகைய வலுவான புரதம் வேண்டியதில்லை. பிரித்தானியாவில் குளோரினேற்றிய மாவிற்குப் பதிலாக வெப்பமூட்டிய மாவே கேக் தொழிலிற் பயன்பட்டு வந்துள்ளது. அங்கு கேக்குகள் பொங்காதிருந்தனவா?

2009இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனத்தின் குக்கிப் பிசைமாவோடு தொடர்புபட்ட ஓ157 வகை ஈ. கோலித் தொற்றில் 70க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அப்பிசைமாவும் சுட்ட பின்னரே உண்ணப்பட வேண்டியது. உறையிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. கிருமி எப்பொருளால் வந்தது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. மாவின்மீதே ஐயம் மிகுந்திருந்தது. எழுதியதோடு கடமை முடிந்ததென்று அந்நிறுவனம் இருந்துவிடவில்லை. 2010இல் வெப்பமூட்டிய மாவுக்கு மாறுவதாக அறிவித்தது. மக்கள் பச்சையாகவும் உண்பர் என்பதை ஏற்று, அதற்கேற்பப் பண்டத்தை மாற்றியது. அங்கு செய்ய முடிந்ததைக் கேக் கலவை செய்வோர் செய்ய முடியாதென்பதற்குச் செலவைத் தவிர வேறு காரணம் காண்பதரிது.

அச்செலவை ஏற்க விரும்பாதோர் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். உள்ளேயிருப்பது வெப்பமூட்டிய மாவா, பச்சை மாவா என்பதைப் பெட்டியின் முகப்பில், கேக்கின் வண்ணப்படத்திற்கு அருகிலேயே, அப்படத்தின் தலைப்பெழுத்தளவு பெரிதாக அச்சிடட்டும். பின்புறத்து எச்சரிக்கை வாங்கிய பின்னர் வாசிக்கப்படுவது. முகப்பெழுத்தோ வாங்குமுன் வாசிக்கப்படுவது.