டீ.வி. வேலை செய்யவில்லையா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

அடுத்த வீட்டு ராத்தாவின் கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் ராத்தாவும் மூன்று பிள்ளைகளும்தான். பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் வீட்டு டீ.வி. திடீரென நின்றுவிட்டது. 32 அங்குலப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்தார். "போர்ட் போயிட்டுது, மாத்தியாச்சு" என்று 9,000 ரூபாய் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினால் பழையபடியே இருட்டு! கடைசியில் பார்த்தால் சுவரிலிருந்த பிளக் பேஸ்தான் உள்ளே கருகிப் போயிருந்தது. அந்த 9,000 ரூபாய் பிள்ளைகளின் பெருநாள் உடுப்புக்கு ஒதுக்கி வைத்த பணம்.

அதனால்தான் இம்மாதம் இந்தப் பக்கத்தை டீ.வி.க்கு விட்டுவிட்டேன். பார்க்கும் வேலையைப் பற்றியல்ல, பார்க்க முடியாமல் போகும் வேளையைப் பற்றி!

முதலில் டீ.வி.யை மறந்துவிடுங்கள். அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ மாட்டிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் குற்றம் சுவரில்தான். மல்டி பிளக் பாவிப்பவர்கள் அதைத் தவிர்த்து, டீ.வி.யை நேரடியாகச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும். சதுரப் பின் உள்ள 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள் சிறிய பியூஸ் ஒன்று இருக்கும். அது போயிருந்தால் அதே அளவான புதிய பியூஸைப் போடுங்கள். சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சமாளிக்கும் கெட்டித்தனம் மட்டும் வேண்டாம்.

ராத்தா வீட்டு பிளக் பேஸ் ஏன் கருகியது தெரியுமா? டீ.வி.யோடு வந்தது இரண்டு பின் பிளக். நமது 13 அம்பியர் பேஸிலோ, மேலேயுள்ள எர்த் துளைக்குள் நீளப் பின் போனால்தான் கீழ்த் துளைகளின் கதவு திறக்கும். பிள்ளைகளின் கை போகாமலிருக்கச் செய்த பாதுகாப்பு அது. நாம் என்ன செய்கிறோம்? பேனை ஒன்றை எர்த் துளையில் குத்தி, கதவைத் திறந்து, இரண்டு பின்னையும் உள்ளே தள்ளிவிடுகிறோம்! உண்மையைச் சொன்னால் நானும் செய்திருக்கிறேன். மெல்லிய பின் அங்கே இறுக்கமாக நிற்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், கருகும். அதோடு இரண்டு பின் பிளக்கினுள் பியூஸும் கிடையாது. சரியான அடாப்டர் ஒன்று வாங்குவதற்குப் பெரிய செலவு இல்லை. கருகிய பேஸை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். அது எலக்ட்ரிக் பாஸின் வேலை.

சுவரில் மின்சாரம் சரியாக இருந்தால் இனி டீ.வி.யின் கீழ் ஓரத்துச் சின்ன விளக்கைக் கவனியுங்கள். அது எரிந்தால் பெட்டிக்குள் மின்சாரம் போகிறது என்று கொள்ளலாம். அப்போது ரிமோட்டைச் சந்தேகியுங்கள். ரிமோட்டின் முனையைப் போனின் செல்பி கமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அதன் ஒளி திரையில் ஊதாப் புள்ளியாக மின்னும். மின்னாவிட்டால் பற்றரியை மாற்றுங்கள். டீ.வி.யிலும் ஒரு பட்டன் உண்டு. சட்டத்தின் அடியிலோ பின் மூலையிலோ ஒளிந்திருக்கும், கையால் தடவித் தேடுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? பிளக்கைக் கழற்றி, அந்தப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் மாட்டுங்கள். டீ.வி.யும் இன்று ஒரு கம்பியூட்டர்தான். சில வேளை தடுமாறி நின்றுவிடும், இப்படிச் செய்தால் எழும்பிவிடும். மின்வெட்டுக்குப் பின் நின்ற டீ.வி.க்கு நான் முதலில் செய்வது இதைத்தான். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் இந்த வைத்தியத்தைப் பல வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

விளக்கு விட்டு விட்டு மின்னினால், தனக்குள் ஏதோ பழுது என்று பெட்டியே சொல்கிறது. எத்தனை தடவை மின்னி நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால், அறையை இருட்டாக்கி டோர்ச் வெளிச்சத்தைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பெரும்பாலும் பின்னாலுள்ள எல்.ஈ.டி. விளக்குகள்தான் போயிருக்கும். திருத்தலாம். திரையே வெடித்திருந்தால் திருத்தும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

இவ்வளவுதான் நமது எல்லை. பின் மூடியின் ஆணியில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் வைக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றியாயிற்றே, இனி என்ன பயம் என்று நினைப்பது பெரிய பிழை. உள்ளேயிருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கக் கூடும். மூத்தம்மா வீட்டு அறையில் பழைய குழாய் டீ.வி. இன்னும் இருந்தால் அதில் இன்னும் கவனம் தேவை. கலர்ப் படக் குழாய் பிடிப்பது 20,000 வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் அது உடனே முழுதாக வடிந்துவிடாது. டீ.வி.யை மாட்டியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ, கருகல் மணம் வந்தாலோ, மறுபடி மாட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்குமே, அப்போது சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே அல்ல. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் வயர்களின் பக்கமே போகாதீர்கள்.

கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டு செல்லுங்கள். விளக்கு எரிந்ததா, எத்தனை தடவை மின்னியது, சத்தம் வந்ததா என்று நீங்கள் பார்த்ததைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். உங்கள் முன்னாலேயே ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே எரிந்துவிட்டால் எதையும் கழற்ற விடாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள். போர்ட் மாற்றினால் பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். ராத்தா இதைக் கேட்டதும், "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.