பழைய ஜன்னலும் புதிய சென்சாரும்

2004இல் எப்சன் நிறுவனம் ஆர்-டி1 கேமராவைக் கொண்டுவந்தபோது சிலர் சிரித்திருப்பார்கள். இரட்டை உருவத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் உலகின் முதல் டிஜிட்டல் கேமரா அது. உள்ளே 6 மெகாபிக்சல் சென்சார்; மேலே பிலிம் சுற்றுவது போல ஒரு லிவர். சுற்றுவதற்குப் பிலிம் ஏது? ஆனால் அந்த லிவர் பொம்மையில்லை. இழுத்தால்தான் ஷட்டர் அடுத்த படத்துக்குத் தயாராகும். பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் முள்கள். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இந்த வகைக் கேமராக்களில் பழமை என்று நாம் ரசிப்பவை பெரும்பாலும் ஒரு காலத்தில் வேலைக்காக வந்தவை. 1954இல் வந்த லைக்கா எம்3இன் முகப்பில் இருந்த மூன்று ஜன்னல்களில் ஒன்றுகூட அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஆகவே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த உறுப்பு இன்னும் உழைக்கிறதா?

லைக்காவின் வரலாறு இந்தக் கேள்விக்கு எப்போதும் நேராகப் பதில் சொன்னதில்லை. 1971இல் எம்5இல் லென்ஸ் வழியாகவே ஒளியை அளக்கும் மீட்டரை வைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் உடம்பு பெருத்துவிட்டது, வாங்க ஆளில்லை. சில ஆண்டுகளில் பழைய எம்4இன் வடிவத்துக்கே திரும்பினார்கள். உருவத்தைத் தொட்டால் கை சுடும் என்ற பயம் அதோடு நின்றுவிட்டதாகத் தெரியவில்லை.

2006இல் டிஜிட்டல் எம்8 வந்தது. பழைய லென்ஸ்கள் எல்லாம் பொருந்த வேண்டும் என்றால் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே அதே 27.8 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில், அகலக்கோண லென்ஸிலிருந்து வரும் ஒளி ஓரங்களில் சாய்ந்து விழும். பிலிமுக்கு அது பெரிய பொருட்டில்லை, சென்சாருக்குப் பொருட்டு. சென்சாருக்கு மேலே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி தடிமனாக இருந்தால் ஓரங்கள் கெடும் என்று அதை மெல்லியதாக வைத்தார்கள். விளைவு, அகச்சிவப்பு உள்ளே கசிந்தது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கறுப்பு பாலியெஸ்டர் கோட்டு கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றது! வாங்கியவர்களுக்கு லைக்கா இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. இதைப் பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் வாங்கிய லென்ஸ் இன்றைய கேமராவில் ஏறி உட்கார்வதற்குக் கொடுத்த விலை அது. கொடுக்கத் தகுந்த விலைதான்.

அடித்தகடு சமாசாரம் வேறு. பிலிம் போடுவதற்காகக் கேமராவின் அடியைக் கழற்றியது நியாயம். எம்8 முதல் எம்10 வரை மெமரி கார்டை மாற்றவும் அதே தகட்டைக் கழற்ற வைத்தார்கள். ஸ்டாண்டில் பூட்டியிருந்தால் முதலில் அதிலிருந்து இறக்க வேண்டும். 2022இல் வந்த எம்11இல்தான் அது ஒழிந்தது. இதற்கு எதற்குப் பதினாறு வருடம்?

இதே வரிசையில் வந்த எம்10, மரபைக் கையாள்வதற்கு நல்ல உதாரணமும் கூட. முந்தைய மாடலில் சேர்த்த வீடியோவை எடுத்துவிட்டார்கள், தடித்திருந்த உடம்பு மெலிந்தது. பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் இருந்த இடத்தில் ஐஎஸ்ஓ குமிழை வைத்தார்கள். பழைய இடம், புதிய வேலை. விரலுக்குப் பழக்கமான பாதை. ஆனால் 2016இல் பின்திரையே இல்லாமல் விற்ற எம்-டி எனக்கு ஏகாதசி விரதம் போலத்தான் தோன்றுகிறது. இருப்பவருக்குப் புண்ணியம், மற்றவர்கள் சாப்பிடட்டும்.

இன்னும் உழைக்கும் உறுப்பு எது என்று கேட்டால், ஜன்னலின் கதைதான் முக்கியமாகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் படத்தின் எல்லையைச் சட்டக் கோடு காட்டும். கோட்டுக்கு வெளியேயும் தெரு தெரியும். சட்டத்துக்குள் நுழையப்போகும் சைக்கிள்காரரை முன்பே பார்த்துக் காத்திருக்கலாம். 2010இல் ஃபியூஜிஃபில்ம் அறிவித்த எக்ஸ்100இல் இரட்டை உருவத்தைப் பொருத்தும் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, ஃபோகஸ் தானியங்கி. ஆனால் அந்த ஜன்னலை வைத்துக்கொண்டார்கள். முன்னால் உள்ள சிறு லிவரைத் தட்டினால் கண்ணாடிக் காட்சி மின்திரைக் காட்சியாக மாறும். லைக்கா 2025இல் எதிர்த்திசையில் போனது. எம் இவி1 பார்வைக்கு எம் கேமராவேதான். ஜன்னலை எடுத்துவிட்டு உள்ளே மின்திரை வைத்திருக்கிறார்கள். கண் மங்கியவர்களுக்கும், நீள லென்ஸில் ஃபோகஸ் பிடிக்கத் திணறுபவர்களுக்கும் அது உதவும். வாங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதை ரேஞ்ச்ஃபைண்டர் என்று லைக்காவே சொல்லவில்லை. எம் என்ற எழுத்தை விடத்தான் மனம் வரவில்லை போலும்.