யானைக்கு முன்னால் எதுக்குங்க கேமரா?

இங்கே அமெரிக்காவில் அக்டோபரில் இலை சிவந்தால் நம்மாட்கள் கேமராவோடு பூங்கா பூங்காவாகக் கிளம்பிவிடுவோம். பந்திப்பூரில் இலையுதிர்வது பிப்ரவரி, மார்ச்சில். காடே மொட்டையாக நிற்க, புரச மரம் மட்டும் தீப்பிடித்த மாதிரி பூத்திருக்கும். படமெடுக்க நல்ல சமயம், மறைக்க இலையே இல்லையே :-)

ஆனால் எங்கே நின்று எடுப்பது? யெல்லோஸ்டோனில் கரடிக்கு 100 கஜம், பைசனுக்கு 25 கஜம் தள்ளி நில் என்றால் மறுபேச்சில்லாமல் நிற்கிறோம். அதே நாம் லீவில் ஊருக்குப் போய், திம்பம் ஏறி சாமராஜநகர் போகும் வழியில் யானையைப் பார்த்தால் காரை ஓரங்கட்டி இறங்கிவிடுகிறோம். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் ஒருவர் இப்படி செல்ஃபிக்கு இறங்கி, யானை காலில் சிக்கி மயிரிழையில் பிழைத்தார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் போட்டது.

அவராவது பிழைத்தார். ஆசனூர் தாண்டி காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்குக் காத்து நிற்கப் பழகிவிட்டன. அங்கே படத்துக்காக ஒரு துண்டு கரும்பை வீசுகிறவர், பின்னால் பைக்கில் வருகிறவரை மாட்டிவிடுகிறார்.

பந்திப்பூர் வழியே 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. ராத்திரி காட்டுக்கு விட்டுக்கொடுத்த ரோட்டைப் பகலில் ஸ்டூடியோ ஆக்கலாமா? வனத்துறை சஃபாரி வண்டியில் உட்கார்ந்து எடுங்கள். படம் கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை. நீங்க என்ன சொல்றீங்க?