யார் வெட்டிய மரம்?



இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. பெயர் ‘திருகோணமலை’. நெப்போலியனோடு மல்லுக்கட்டிய காலத்தில் அங்கே ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் பம்பாய்க் கப்பல் துறையில் மலபார் தேக்கை வைத்துக் கட்டி, 1817 அக்டோபர் 12-ல் கடலில் இறக்கினார்கள். கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. 1736-ல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜியின் வம்சம். மேஸ்திரிக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் இருக்கிறது. மரம் வெட்டினவனுக்கு?

1806-ல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபார் காட்டுக்கு அதிகாரியாகப் போட்டது கம்பெனி. தேக்கெல்லாம் கம்பெனிக்கே என்றார்கள். காடு வற்றிப்போனதும் 1840-களில் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நட வைத்தார். தோப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். குழி தோண்டினவன் பெயரா? புலையரையும் செறுமரையும் நிலத்தோடு சேர்த்து விற்ற மண் அது. அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டதே 1843-ல்தான்.

கரீபியனில் ஆன்டிகுவா தீவிலும் இதே கதை. 1720-களிலிருந்து ஆப்பிரிக்க அடிமைகள் கல் சுமந்து கட்டிய கப்பல் துறைக்கு, 1784 முதல் 1787 வரை அங்கே இருந்துவிட்டுப் போன நெல்சனின் பெயர். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

நான் பேங்க் குமாஸ்தா. நூறு ரூபாய் எடுக்க வரும் கிழவியிடம்கூடப் பேர் என்ன, அப்பன் பேர் என்ன என்று கேட்பதுதான் பிழைப்பு. அந்தப் புத்தியிலேதான் இதையும் கேட்கிறேன்.

2015 ஏப்ரல் 7. செம்மரம் வெட்டினதாகச் சொல்லி, சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் பலர் நம்ம ஜவ்வாது மலையும் அடிவாரமும். சந்தவாசல் பஸ் ஸ்டாண்டில் நம்மோடு டீ குடித்த சனம்தான். இங்கே கணக்கு தலைகீழ்: வெட்டப் போனவன் பேர் பிணப் பட்டியலில் இருக்கு, மரத்தை வாங்குறவன் பேரைத்தான் காணோம். கேட்டால் ஊரே வாயை மூடிக்குது. அட்வான்ஸ் வாங்கின பயம் அவங்களுக்கு. அதைக் குத்தம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அவங்க வீட்டுக் கடனுக்கு நாம என்ன வழி சொன்னோம்?

அடுத்த இதழிலிருந்து, மரம் வெட்டப் போய்த் திரும்பினவங்க பேச்சை அவங்க வாய்மொழியிலேயே போடுகிறோம். பேரைப் போடலாமா வேண்டாமா என்பதை அவங்களே சொல்லட்டும். மாணவத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வாங்க. மலைக்குப் போற முதல் பஸ்ஸை விட்டுடாதீங்க.