அச்சமும் சிறாரும்

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் களன்களை நான்கென வகுத்து, அணங்கினை அவற்றுள் முதற்கண் வைத்தார். ஆதலின் பேய்ப்படம் என்றவுடன் யான் வெகுளேன், அச்சமும் சுவையே. அதனை நுகர்தற்குரியார் யாவர் என்பதே வினா.

ரோப் ஹூப்பர் இயக்க, ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் தயாரிப்பில் 1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘போல்ரர்கைஸ்ற்’ என்னும் அமெரிக்கப் படத்தை நோக்குக. 17 வயதுக்குட்பட்டோர் பெரியோர் துணையின்றிக் காணலாகாத ‘ஆர்’ வகையிலேயே அது முதலில் வைக்கப்பட்டது. மேன்முறையீட்டின்பின், பெற்றோர் வழிகாட்டலை மட்டும் வேண்டும் ‘பீஜி’ வகையதாயிற்று. 13 வயதை எல்லையாகக் கொண்ட இடைவகுப்பு 1984இலேதான் தோன்றிற்று.

அப்படத்தில் கதைமாந்தர் ஒருவரும் மாய்வதில்லை. ஆயினும், யன்னலோரத்து மரம் சிறுவனைப் பற்றுகின்றது. கோமாளிப் பொம்மை அவனைக் கட்டிலின்கீழ் இழுக்கின்றது. அலுமாரியினூடு ஈர்க்கப்பட்ட சிறுமியின் குரல் தொலைக்காட்சிப் பெட்டியினின்று எழுகின்றது. குருதியையும் கொலையையும் அளக்கும் கோல் இவ்வச்சத்தை அளவாது.

பாட்டி கூறும் பேய் ஊர்ப்புறத்துப் புளியமரத்தில் நிற்கும். கேட்கும் குழந்தைக்கோ அவள் மடி காவலாகும். இப்படத்துப் பேய் குழந்தையின் துயிலிடத்திலேயே உறைகின்றது. படம் முடிந்தபின்னும் கட்டிலும் பொம்மையும் அங்கேயே இருக்கும். பதினான்கு வயதினர் நகைத்துக் கடப்பர். ஆறு வயதினர்க்கு அஃது ஆகாதென்பதே மாணாக்கரோடு பழகிய என் துணிபு.

பெற்றோரே! எழுத்துமுத்திரை ஒன்றையே நம்பிச் சிறாரைத் திரைமுன் இருத்தாதீர். முதலில் நீவிர் தனித்துக் காண்க. அன்றிரவு விளக்கணைந்தபின் உம் பிள்ளை எதனைக் காணும் என்று எண்ணிப் பின் முடிவு செய்க.